ஆறு அங்குல ஆடி தேய்க்கும் செட்: பள்ளி வான் மன்றத்துக்கு வாங்கலாமா?

கண்ணாடியைத் தேய்த்து டெலஸ்கோப்பின் குழியாடியை நாமே செய்துகொள்ளும் செட் ஒன்றை எங்கள் பள்ளி வான் மன்றத்துக்காக 2024-இல் வாங்கினோம். அதைப் பற்றி அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பலர் விசாரித்துவிட்டார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எட்டாயிரம் கொடுத்துக் கண்ணாடியை நாமே தேய்க்கணுமா? இன்னும் கொஞ்சம் பணம் திரட்டி ரெடிமேடாவே ஒண்ணு வாங்கிட்டா என்ன?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப் மட்டும் போதும் என்றால் ரெடிமேடே வாங்குங்கள். ஆடிக்கு அலுமினியம் பூசும் கூலி, பிளைவுட், போக்குவரத்து எல்லாம் சேர்த்துப் பார்த்தால் செட்டில் பெரிய மிச்சம் இல்லை. மழைக்காலத்திலும் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிற மாதிரி ஒரு மன்றம் வேண்டும் என்றால், இந்த செட்டுக்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

நான் வாணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். வான் மன்றத்தைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. இந்த செட்டை நம் நாட்டில் சில இடங்களில் விற்கிறார்கள், உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் கடையின் பெயரைப் போடாமல் செட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் வானிலைக் கணக்கு. நம் ஊரில் வான் மன்றம் நடத்துகிற எல்லோருக்கும் இது தெரியும். ஜூனில் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளிடம் ஆர்வம் கொப்பளிக்கும், அப்போது வானத்தில் மேகம். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலமானால் இடியும் மழையும். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருப்பது ஜனவரியிலிருந்துதான். பிப்ரவரி முடிவதற்குள் முழுஆண்டுத் தேர்வு பயம் வந்துவிடும். ஆக, நல்ல வானமும் ஓய்வான பிள்ளைகளும் ஒன்றாகக் கிடைப்பது வருடத்தில் ஆறேழு வாரம். மிச்ச மாதங்களில் சார்ட் ஒட்டுவது, வினாடி வினா, ஸ்டெல்லாரியம் மென்பொருளில் நட்சத்திரம் காட்டுவது என்று ஓட்டுவோம். தீபாவளி வரும்போது கூட்டம் பாதியாகிவிடும்.

ஆடி தேய்ப்பதற்கு வானம் தேவையில்லை. ஒரு அறை, தண்ணீர், கைகள் போதும். அதனால் 2024 ஜூனில் வருடத் திட்டம் போட்டபோது அக்டோபர் முதல் டிசம்பர் வரை முழுவதையும் இதற்கே ஒதுக்கினோம். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் செய்தார்கள். பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் அந்த மாதங்களில் யாரும் விட்டுத்தர மாட்டார்கள், அவர்களைத் தொடவேண்டாம் என்பது என் யோசனை.

பெட்டியில் என்ன வந்தது என்று சொல்கிறேன். 150 மி.மீ. விட்டமுள்ள தடித்த கண்ணாடி வட்டுகள் இரண்டு, ஒன்று ஆடியாகப் போவது, இன்னொன்று அதைத் தேய்ப்பதற்கு. கண்ணாடியை அரைக்க 80, 120, 220, 320 எண் கார்போரண்டம் பொடிகள், எண் ஏற ஏறப் பொடி மெல்லியது. அப்புறம் 12 மைக்ரான், 5 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு. பளபளப்பாக்க செரியம் ஆக்சைடு. ஒரு கட்டி பிட்ச், பார்க்கக் கருப்புத் தார் மாதிரி இருக்கும். சாய்வாக வைக்கிற சின்னத் தட்டை ஆடி, அது மட்டும் பூச்சோடு வரும். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ்கள் இரண்டு, 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸை முன்னே பின்னே நகர்த்திக் காட்சியைத் தெளிவாக்க ஒரு ஃபோகசர், ஆடியின் வளைவைச் சோதிக்கக் கோடு போட்ட ஒரு துண்டு ரோங்கி (Ronchi) ஃபிலிம், ஆங்கிலத்தில் அச்சடித்த எட்டுப் பக்கக் குறிப்பு.

பேக்கிங்கில்தான் என் முதல் புகார். கண்ணாடிகளைத் தெர்மோகோல் வைத்துப் பத்திரமாக அனுப்பியிருந்தார்கள். பொடிகளோ மளிகைக் கடையில் மிளகுத்தூள் கட்டித்தருவதைவிட மெல்லிய கவரில் இருந்தன. 120 எண் பொடியின் கவர் வழியிலேயே கிழிந்து, மற்ற பாக்கெட்டுகள் மேலெல்லாம் படிந்து வந்தது. இது சாதாரண விஷயம் இல்லை. மெல்லிய பொடியில் தேய்க்கும்போது ஒரே ஒரு முரட்டுத் துகள் உள்ளே புகுந்தாலும் கண்ணாடி முழுக்கக் கீறல் விழும். விழுந்தால் பின்னாலிருக்கிற பொடிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஃபோன் பண்ணிச் சொன்னதும் கடைக்காரர் தர்க்கம் பண்ணவில்லை. 320, 12, 5 மூன்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு அந்த வாரமே அனுப்பிவைத்தார், கூரியர் காசும் கேட்கவில்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். இருந்தாலும் முதலிலேயே டப்பாவில் போட்டிருந்தால் என்ன? நீங்கள் ஆர்டர் பண்ணும்போது "பொடியெல்லாம் டப்பாவில் வேணும்" என்று சொல்லிவிடுங்கள்.

குறிப்புப் புத்தகம் சுமார்தான். ஏற்கெனவே ஒரு ஆடி தேய்த்தவருக்கு நினைவூட்டலாகப் பயன்படும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அதில் ஏன், எதற்கு என்பது இல்லை. நான் தமிழில் கையால் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன், கேட்கிறவர்களுக்கு இப்போதும் கொடுக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னாலிருந்த பழைய அறையைக் கழுவிவிட்டு, நடுவில் மணல் நிரப்பிய ஒரு பேரலை நிறுத்தினோம். அதன் மேல் பலகை, பலகையில் மூன்று மரக்கட்டைக்கு நடுவே தேய்க்கும் வட்டு. அதில் கொஞ்சம் 80 எண் பொடி, கொஞ்சம் தண்ணீர், மேலே ஆடிக் கண்ணாடி. இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும், சில தள்ளலுக்கு ஒருமுறை கண்ணாடியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், பேரலைச் சுற்றி ஒரு அடி நகர வேண்டும். பொடி அரைபட்டுச் சத்தம் அடங்கியதும் கழுவிவிட்டுப் புதுப்பொடி. இதை பிள்ளைகள் 'ஒரு ஈடு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள், நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். "டீச்சர், எங்க ஜோடிக்கு இன்னும் ரெண்டு ஈடு பாக்கி" என்று சண்டையே நடக்கும்.

இரண்டு தட்டையான கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தேய்த்தால் மேலே இருப்பது குழிந்துபோகும், கீழே இருப்பது குவிந்துவரும். தள்ளும்போது மேல் கண்ணாடியின் நடுப்பகுதி கீழ்க் கண்ணாடியின் விளிம்பில் அதிகமாக அழுந்துவதுதான் காரணம். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் திருப்பினாலும் இடைவெளியில்லாமல் ஒட்டியிருக்கக் கூடிய வளைவு கோள வளைவு ஒன்றுதான். அதனால் கை எவ்வளவு ஒழுங்கில்லாமல் போனாலும், திசையை மாற்றி மாற்றித் தேய்த்துக்கொண்டே இருந்தால் கண்ணாடி தானாகக் கோளத்துக்கு வந்து சேரும். குழியாடி, வளைவு ஆரம், குவியத்தூரம் என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் படம் போட்டு நடத்துவதைப் பிள்ளைகள் கையில் பிடித்திருந்தார்கள். இதற்காகவே இந்தக் காசு தகும் என்பேன்.

எவ்வளவு குழிய வேண்டும்? எங்கள் இலக்கு 1,200 மி.மீ. குவியத்தூரம், அதாவது வளைவு ஆரம் 2,400 மி.மீ. பாதி விட்டமான 75-ஐ வர்க்கம் பண்ணி 4,800-ஆல் வகுத்தால் 1.17 மி.மீ. கண்ணாடியின் நடுவில் தேவைப்படுகிற மொத்தப் பள்ளமே அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போர்டில் போட்டதும் பிள்ளைகள் நம்பவில்லை, "ஒரு மில்லிமீட்டருக்கா இவ்வளவு வேலை?" என்றார்கள். குறுக்கே ஸ்கேலை வைத்து, மெக்கானிக் கடையிலிருந்து வாங்கிவந்த ஃபீலர் கேஜை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, கீழே நுழைத்துப் பார்ப்போம். கேஜ் லேசாக இடித்துக்கொண்டு நுழைந்ததும் 80-ஐ நிறுத்திவிட்டோம்.

அதைவிட அருமையான சோதனை 220-இல் செய்தது. அந்த நிலையில் கண்ணாடி உறைபனி மாதிரி மங்கலாக இருக்கும், ஒளியைப் பிரதிபலிக்காது. மேலே தண்ணீர் ஊற்றிச் சட்டென்று வெயிலில் காட்டினால், அந்தத் தண்ணீர்ப் படலம் சில நொடிகளுக்கு ஆடியாக வேலை செய்யும். ஒரு மாணவி ஈரக் கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகப் பிடிக்க, இன்னொருத்தி அட்டையை முன்னே பின்னே நகர்த்த, வெளிச்ச வட்டம் சுருங்கிச் சுருங்கி ஓர் இடத்தில் பட்டாணி அளவுக்கு வந்து நின்றது. அங்கிருந்து கண்ணாடிக்கு டேப் பிடித்து அளந்தோம். 120 சென்டிமீட்டருக்கு மிகப் பக்கத்தில். போர்டில் போட்ட கணக்கும் டேப்பும் ஒத்துப்போனதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனை குறிப்புப் புத்தகத்தில் அரை வரியில் இருக்கிறது, தவறவிடாதீர்கள். அட்டையில் விழும் வட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும், கண்ணாடிப் பக்கம் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

மெல்லிய பொடிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு பொடி மாறும்போதும் அறை, பேரல், வாளி, கை, நகம், பாவாடை ஓரம் வரை கழுவ வேண்டும். 5 மைக்ரான் முடிந்தபோது கண்ணாடி வழியாகச் செய்தித்தாள் எழுத்தைப் படிக்க முடிந்தது.

பிட்ச் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. செட்டில் வந்த பிட்ச் குளிர்ந்த ஊருக்கானது. அதை உருக்கி வட்டின் மேல் ஊற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்த ஆடியை மேலே அழுத்தி வடிவம் எடுத்து, சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, அதில் செரியம் ஆக்சைடு கரைசலைத் தடவித்தான் மெருகேற்ற வேண்டும். நவம்பரிலேயே மத்தியானம் எங்கள் அறையில் அந்த பிட்ச் இளகிக் காடிகள் மூடிக்கொண்டன. காடி மூடினால் வட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், மெருகும் மேடு பள்ளமாக ஏறும். பிட்ச்சின் இறுக்கம் ஊரின் வெப்பத்துக்குத் தகுந்த மாதிரி இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்துக்கு அனுப்புகிறவர் இதைக் கேட்டு அனுப்பியிருக்க வேண்டும். கடைக்காரரிடம் சொன்னபோது, ரோசினை (பைன் மரப் பிசின்) உருக்கிச் சேர்த்தால் இறுகும் என்றார். அது சரியான யோசனைதான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஆறிய துளியை நகத்தால் அழுத்திப் பார்த்துப் பதம் கண்டோம். அதற்குப் பிறகு காலை வேளையில் மட்டும், முதல் மணி அடிப்பதற்கு முன்பு மெருகேற்றினோம். உருக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். சூடான பிட்ச் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நான்தான் செய்தேன்.

இதற்கிடையில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் முதல் வாரம் எங்கள் மாவட்டமும் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலையும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். திரும்பி வந்தபோது பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள், நேராக அந்த அறைக்குத்தான் போனார்கள். டிசம்பர் 13, கார்த்திகை தீபத்தன்று மேகம் விலகி நிலாவும் கார்த்திகைக் கூட்டமும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. அது வெறும் கண்ணுக்கான காட்சி. ஆனாலும் மறுநாள் காலையில் "ஆடி எப்போ டீச்சர் ரெடியாகும்?" என்று கேட்டது முன்பைவிட அதிகம்.

செட்டிலேயே என்னை மிகவும் கவர்ந்த கட்டம் சோதனைதான். அதற்கு செட்டில் தருவது அந்த ரோங்கி ஃபிலிம் ஒன்று மட்டும். ஆடியின் மேடு பள்ளத்தைக் காட்டும் ஃபூக்கோ சோதனைக்கான கருவியையும் நாங்களே செய்துகொண்டோம். ஒரு எல்.இ.டி., அதை மூடிய அலுமினியத் தாளில் ஊசித் துளை, நகரக்கூடிய கட்டையில் ஒட்டிய சவர பிளேடு. ஆடியை 2.4 மீட்டர் தள்ளி நிறுத்தி, அறையை இருட்டாக்கி, திரும்பி வரும் ஒளிப்புள்ளியை பிளேடால் மெதுவாக வெட்டிக்கொண்டே ஆடியைப் பார்க்க வேண்டும். சரியான கோளமாக இருந்தால் முழு ஆடியும் ஒரே சீராக இருளும். மேடு பள்ளம் இருந்தால் நிலாவின் மலைகள் மாதிரி நிழல் விழும். எங்கள் ஆடியின் ஓரத்தில் ஒரு வளையம் தெரிந்தது. அதைச் சரிபண்ண மறுபடி மெருகேற்றினோம்.

சோதனை நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையனிடம், ஆடியின் மேல் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்கச் சொன்னேன். பிறகு பிளேடு வழியாகப் பார்த்தால், விரல் வைத்த இடத்தில் ஒரு மேடு! விரலின் சூட்டில் அந்த இடம் மட்டும் விரிந்து எழும்பியிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்லத் தணிந்து மறைந்தது. வரிசையில் நின்று ஒவ்வொருவரும் தங்கள் விரல் மேட்டைப் பார்த்தார்கள். நல்ல ஆடிக்கு, மேற்பரப்பின் பிழை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பச்சை ஒளிக்கு அது ஏறக்குறைய 70 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு எல்.இ.டி.யும் பிளேடும் வைத்து அதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. இதை எந்த ரெடிமேட் டெலஸ்கோப்பும் சொல்லித்தராது.

ஒளி ஒரே புள்ளியில் குவிவதற்காகக் கோளத்தைப் பரவளையமாக மாற்றுவதுதான் ஆடி தேய்ப்பதில் கடினமான வேலை. இந்த செட்டில் அது பெரிய தலைவலி இல்லை. ஆறு அங்குல ஆடிக்குக் குவியத்தூரம் விட்டத்தைப்போல 8 மடங்கு இருந்தால், கோளத்திலேயே நிறுத்தினாலும் காட்சி ஏற்கத்தக்கதாக இருக்கும், அந்த எல்லையில்தான் இந்த அளவு இருக்கிறது. பள்ளிக்கு இந்த அளவை நான் சிபாரிசு செய்யக் காரணம் இதுவே. அதே விட்டத்தில் குட்டையான குழாய்க்கு ஆசைப்பட்டு 5 மடங்கு செட் வாங்கினால் பிள்ளைகளால் முடிக்க முடியாது.

அலுமினியப் பூச்சு செட்டின் விலையில் சேராது. விளம்பரத்தில் இது கண்ணில் படும்படி இல்லை, வாங்குகிறவர் தனியாகக் காசு ஒதுக்க வேண்டும். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிற வேலை, வீட்டில் முடியாது. நாங்கள் பெங்களூருக்கு அனுப்பினோம், திரும்பி வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அனுப்புவதற்கு முன்பு ஒரு காரியம் செய்தோம், நீங்களும் செய்யுங்கள். பூச்சில்லாத கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் போலத்தான் திருப்பி அனுப்பும். நிலாவுக்கு அது தாராளம். ஜனவரியில் பொங்கலையொட்டி முழுநிலா வந்தபோது, பூசாத ஆடியைக் குழாயில் மாட்டிப் பார்த்தோம். பெரிய டெலஸ்கோப்பில் முழுநிலா கண்ணைக் கூசும், இதில் கூசவே இல்லை. டைகோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

குழாயைத் தாங்கித் திருப்புகிற தாங்கியைப் பற்றி. செட்டில் அது வராது, வரைபடம் மட்டும் உண்டு. டாப்சன் தாங்கிதான் செய்தோம். இதை உருவாக்கிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் இருபதாண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த மடம் அது. கையில் காசில்லாமல், கப்பல் சன்னலின் வட்டக் கண்ணாடியில் ஆடி தேய்த்து, மரப்பெட்டியில் வைத்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகும் காட்டுவதை நிறுத்தவில்லை, 2014-இல் இறக்கும்வரை. பிள்ளைகளுக்கு இவர் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மரவேலையை ஆரம்பித்தேன்.

குழாயைப் பிளைவுட்டில் சதுரப் பெட்டியாகவே செய்துவிட்டோம். ஊர் ஆசாரி ஒருவர் வெட்டிக்கொடுத்தார், ஒட்டியதும் திருகியதும் பிள்ளைகள். சுழலும் இடத்தில் ஒருபக்கம் மைக்கா ஷீட், மறுபக்கம் டெஃப்லான் துண்டுகள். ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். கடைகளில் விற்கும், அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்துவைக்க வேண்டிய துருவ அச்சுத் தாங்கியோடு மல்லுக்கட்டுவதைவிட இது நமக்குப் பொருத்தம். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 12, 13 பாகை உயரத்தில், பெரும்பாலும் யாராவது வீட்டு மாடிக்குப் பின்னால்தான் இருக்கும். அவ்வளவு தாழ்வாகச் சாய மறுக்கிற மலிவான தாங்கிகள் உண்டு.

டாப்சன் தாங்கிக்கு ஒரு குறை உண்டு, நம் ஊரில் அது அதிகமாகத் தெரியும். நேர் உச்சியில் இருக்கும் பொருளைப் பின்தொடர்வது சிரமம், பெட்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டியிருக்கும். 2025 பிப்ரவரியில் வியாழன் ரிஷபத்தில் இருந்தது, இருட்டும்போது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. முதல் இரவிலேயே அதோடு போராட வேண்டியதாகிவிட்டது. ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும், மேற்கே சரிந்ததும் சுலபமாகிவிடும்.

காட்சி எப்படி? 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு உருப்பெருக்கம், அதில்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். வியாழனின் இரண்டு பட்டைகளும் நான்கு நிலவுகளும் தெளிவு. மிருகசீரிடத்துக்குக் கீழே ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகம், அதன் நடுவே டிரபீசியம் நட்சத்திரங்கள் நான்கும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. வெள்ளி அந்த மாதம் பிறையாக இருந்தது. "டீச்சர், இது நிலாதானே?" என்று கேட்காத பிள்ளையே இல்லை. சனிதான் ஏமாற்றம். அந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால் கோடு மாதிரி மெலிந்து, அதுவும் மேற்கே தாழ்வாக. அது ஆடியின் குற்றம் இல்லை.

10 மி.மீ. ஐபீஸ் மட்டம். 120 மடங்கு வரும், ஆனால் கண்ணை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடி போட்ட பிள்ளைகள் தவிக்கிறார்கள். ஃபோகசர் பிளாஸ்டிக், கொஞ்சம் ஆடுகிறது. இரண்டையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அவசரமில்லை.

பிப்ரவரிக்கு முன்பே பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப்போனோம். அது இருக்கும் ஜவ்வாது மலை எங்களுக்குப் பக்கம்தான். அங்கிருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டது, அதன் ஆடியைத் தேய்த்ததும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பெங்களூர் ஆய்வகத்தில்தான். அதைக் கனவுகண்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-லேயே இறந்துவிட்டார். அதே மலையிலிருந்து 1988-இல் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். முந்தைய வருடங்களில் அங்கே போனால் பிள்ளைகள் குவிமாடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். இந்த முறை கேட்ட கேள்விகளே வேறு: எத்தனை எண் பொடி, எப்படிச் சோதித்தார்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பூச்சை மாற்றுவார்கள். கையில் காய்ப்பு வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விகள்.

இந்த செட் யாருக்கு வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பிள்ளைக்கு, வீட்டில் பயன்படுத்த என்றால் வேண்டாம், தனியாகத் தேய்க்கச் சலிப்பாகிவிடும். பொறுப்பாசிரியர் அடிக்கடி மாறுகிற பள்ளிக்கும் வேண்டாம். ஐந்தாம் வகுப்புவரை உள்ள பள்ளிக்கு கலிலியோஸ்கோப் போன்ற சின்னக் கருவி போதும். 2009 சர்வதேச வானியல் ஆண்டுக்காக வடிவமைத்தது அது, 50 மி.மீ. லென்ஸ், திருப்புளி மாதிரி எதுவும் இல்லாமல் பிள்ளைகளே பூட்டிவிடலாம். ஒன்றை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்: பெட்டியின் மேல் 400 மடங்கு, 500 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கும் 60 மி.மீ. டெலஸ்கோப்புகள். நல்ல வானத்தில்கூட மி.மீ.க்கு 2 மடங்குக்கு மேல் பயனில்லை, 60-க்கு 120. அதற்கு மேல் பெரிதாகத் தெரியும், தெளிவு வராது. பிள்ளைகளின் ஆசையைக் கெடுப்பது இவைதான், எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

2025 செப்டம்பர் 7 முழு சந்திர கிரகணத்துக்கு இந்த டெலஸ்கோப்பைத்தான் மைதானத்தில் வைக்கத் திட்டமிட்டிருந்தோம். செப்டம்பர் மேகத்தை நம்ப முடியாது என்று தெரிந்தே பெற்றோரையும் கூப்பிட்டிருந்தோம். இரவு பதினொரு மணிக்கு நிலா முழுக்கச் சிவந்தபோது மேகம் வந்து வந்து போனது. தெரிந்த நேரங்களில் வரிசையை ஒழுங்குபடுத்தி, குழாயைத் திருப்பி, "ரெண்டாவது கிளாஸ் பாப்பா, பெஞ்சுல ஏறிப் பாரு" என்று நடத்தியதெல்லாம் ஆடி தேய்த்த பிள்ளைகள்தான். நான் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தேன். தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு தாயார், "இத எம் பொண்ணு செஞ்சதாங்க டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த செட்டும் இதே கடையில்தான் வாங்கப்போகிறோம், இதே ஆறு அங்குலம். எட்டு அங்குலம் வாங்கலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை, புதிதாக வரும் எட்டாம் வகுப்பும் முதல் ஈட்டிலிருந்து தேய்க்க வேண்டும். இந்த முறை ஆர்டரோடு மூன்று விஷயம் எழுதி அனுப்புகிறேன்: பொடிகள் டப்பாவில், பிட்ச் வெப்பமான ஊருக்கானது, 10 மி.மீ. ஐபீஸுக்குப் பதில் 15 மி.மீ. நீங்களும் வாங்குவதாக இருந்தால் ஆகஸ்டுக்குள் ஆர்டர் சொல்லிவிடுங்கள். செட் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறது, அக்டோபர் மழை தொடங்கும்போது பேரலில் மணல் நிரம்பியிருக்க வேண்டும்.